வாசலுக்கு வெளியே ஒரு மரத்துறவி: நாராவின் பின்ஸுரு சிலை ஏன் திறந்தவெளியில் இருக்கிறது?

ஜப்பானின் நாரா நகரில் உள்ள தோடாய்ஜி கோயிலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு சிலையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் போகிறார்கள். சுமார் 15 மீட்டர் உயரமுள்ள வெண்கலப் புத்தர் அங்கே பெரிய மண்டபத்துக்குள் வீற்றிருக்கிறார். அவரைக் காணும் அவசரத்தில், வாசலுக்கு வலப்புறம் வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவரைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். திரும்பி வரும்போதுதான் அவர் கண்ணில் படுகிறார். தலையில் சிவப்புத் துணிக் குல்லா, தோளைச் சுற்றிச் சிவப்புப் போர்வை, நடுவே கருத்து வற்றிய ஒரு கிழவரின் மரமுகம். மரத்தின் ரேகைகள் மேலெழுந்து நிற்கின்றன. அரக்குப் பூச்சு உதிர்ந்த இடங்கள் தெரிகின்றன. முதல் பார்வையில் சற்று அச்சம் தரும் முகம் அது.

உலகப் பாரம்பரியச் சின்னம் என்று 1998இல் யுனெஸ்கோ அறிவித்த ஓர் இடத்தில், 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கூறப்படும் ஒரு மரச்சிற்பம் கண்ணாடிப் பெட்டியும் கம்பி வேலியும் இல்லாமல் வெளியே இருக்கிறது. போகிற வருகிறவர்கள் எல்லாம் அதைத் தொட்டுத் தடவுகிறார்கள். அருங்காட்சியகங்களில் கைகட்டி நின்று பழகிய நமக்கு இது அலட்சியமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சிலை வெளியே இருப்பதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. அதை அறிந்துகொண்டால், உள்ளே தூக்கி வைப்பதுதான் அதற்குச் செய்யும் தீங்கு என்பது புரியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தாழ்வாரத்தில் அமர்ந்திருப்பவர் புத்தர் அல்லர். பௌத்த மரபில் மருத்துவத்துக்கு உரிய புத்தராக வணங்கப்படும் யாகுஷி வேறு, இவர் வேறு. இவர் புத்தரின் நேரடிச் சீடர்களுள் ஒருவர், பிண்டோல பாரத்வாஜர் என்னும் அரகந்தர், அதாவது மெய்ஞ்ஞானம் பெற்ற துறவி. ‘பிண்டோல’ என்ற பெயர் சீன எழுத்துகளின் வழியாகப் பயணம் செய்து ஜப்பானிய நாவில் ‘பின்ஸுரு’ ஆகிவிட்டது. மக்கள் ‘ஓபின்ஸுரு-சான்’ என்று வீட்டுப் பெரியவரைக் கூப்பிடுவதுபோல உரிமையோடு அழைக்கிறார்கள்.

பிண்டோலர் கோசம்பியைச் சேர்ந்தவர். தமிழ்க் காப்பியங்கள் வழியாக நாம் அறிந்த வத்தவ நாட்டு உதயணனின் புரோகிதருக்கு மகன் என்று பாலி மரபு கூறுகிறது. பெயரிலேயே பிண்டம் இருக்கிறது. சோறு தேடி அலைபவர் என்பது பொருள். தொடக்கத்தில் பெருந்தீனிக்காரர் என்று பெயரெடுத்தவர், பிறகு தம்மை அடக்கி, மெய்ஞ்ஞானம் பெற்று, ‘சிம்மநாதம் செய்வோரில் முதல்வர்’ என்று புத்தராலேயே பாராட்டப்பட்டார். நாவை வெல்ல முடியாமல் தவித்த ஒருவர், அஞ்சாமல் முழங்கும் சிங்கம் என்று பெயர் பெற்ற வரலாறு இது. குறையோடு தொடங்கியவர் என்பதாலோ என்னவோ, எளிய மக்கள் இவரிடம் கூசாமல் நெருங்குகிறார்கள்.

இனி அந்தச் சம்பவம். பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைத் தொகுத்துக் கூறும் வினய பிடகத்தில் அது வருகிறது. ராஜகிருகத்தில் ஒரு செல்வ வணிகருக்கு விலையுயர்ந்த சந்தனக் கட்டை ஒன்று கிடைத்தது. அதைக் கடைந்து திருவோடாகச் செய்து, மூங்கில்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி, அவற்றின் உச்சியில் தொங்கவிட்டார். சித்தி பெற்ற அரகந்தர் யாராவது இருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றும் அறிவித்தார். வேறு சமய ஆசிரியர்கள் சிலர் தமக்குத் தரும்படி கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. பிண்டோலரும், புத்தரின் முதன்மைச் சீடர்களுள் ஒருவரான மொக்கல்லானரும் அந்த வழியாகப் பிச்சைக்கு வந்தார்கள். ‘நீங்கள் எடுங்கள்’ என்று ஒருவரையொருவர் தூண்டிக்கொண்டார்கள். கடைசியில் பிண்டோலர் வானில் எழும்பி, திருவோட்டை எடுத்துக்கொண்டு, ஊரை மூன்று முறை சுற்றி வந்தார்.

ஊரே ஆரவாரத்தோடு அவர் பின்னால் திரண்டது. அந்தக் கூச்சல் புத்தரின் காதில் விழுந்தது. விஷயத்தை அறிந்த புத்தர் கடுமையாகக் கண்டித்தார். அற்ப மரப் பாத்திரம் ஒன்றுக்காக இல்லறத்தார் முன்னிலையில் சித்துகளைக் காட்டுவதா என்று கேட்டார். அன்று அவர் இரண்டு விதிகளை வகுத்தார். இல்லறத்தாருக்குச் சித்துகளைக் காட்டக் கூடாது. துறவிகள் மரத்தால் ஆன திருவோட்டை வைத்திருக்கக் கூடாது. அந்தச் சந்தன ஓட்டை என்ன செய்வது? உடைத்துத் தூளாக்கிக் கண்ணுக்கு இடும் அஞ்சனத்தில் கலப்பதற்காகத் துறவிகளுக்குக் கொடுத்துவிடும்படி சொன்னார்.

இந்தக் கடைசி வரியை நான் பலமுறை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு மரப் பொருளால் பழிக்கு ஆளானவர், இன்று மரமாகவே அமர்ந்திருக்கிறார். ஆணவத்தின் சின்னமாக உயரத்தில் தொங்கிய பாத்திரம் பொடியாகிக் கண்மருந்தில் சேர்ந்தது. அதைப் பறித்தவரின் சிலையோ நோய் தீர வேண்டி வருவோரின் கைகளில் தேய்கிறது. பழைய நூல்கள் இந்த இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. ஆனால் அறிந்த பிறகு அந்தச் சிலையின் கண்ணிமையை வெறும் மரமாகப் பார்ப்பது எனக்குக் கடினமாக இருக்கிறது.

தென்னாசிய பாலி மரபில் கதை இத்தோடு முடிகிறது. வடக்கே சென்ற மரபுதான் அதை வளர்த்தது. பிண்டோலர் இறுதி நிர்வாணம் அடையாமல், அடுத்த புத்தரான மைத்திரேயர் வரும்வரை இந்த உலகிலேயே தங்கி மக்களுக்குப் புண்ணியம் சேர்க்கும் வயலாக இருக்க வேண்டும் என்று புத்தர் ஆணையிட்டதாக அந்த மரபு சொல்கிறது. தண்டனை என்று தொடங்கியது பணியாக மாறிவிட்டது. அசோகப் பேரரசரைப் பற்றிய கதைகளில் பிண்டோலர் வருகிறார். பல தலைமுறை கடந்தும் உயிரோடு இருக்கும் அந்த முதியவரின் வெண்புருவங்கள் கண்களை மூடித் தொங்குகின்றன. அவற்றைக் கையால் விலக்கிக்கொண்டு அரசரைப் பார்க்கிறார். ‘நீங்கள் புத்தரைக் கண்டிருக்கிறீர்களா?’ என்று கேட்ட அசோகருக்கு, கண்டிருக்கிறேன் என்று பதில் கிடைக்கிறது. உலகில் தங்க வைக்கப்பட்டவர் என்பதன் பொருள், ‘கண்ணால் கண்ட சாட்சி’ என்பதுதான்.

சீனத்தில் யுவான் சுவாங் 654இல் மொழிபெயர்த்த ஒரு நூல், இப்படி உலகில் தங்கி அறத்தைக் காக்கும் 16 அரகந்தர்களைப் பட்டியலிடுகிறது. அதில் முதற்பெயர் பிண்டோலர். அதற்கும் முன்பே அவருக்குச் சீனக் கோயில்களில் ஓர் இடம் கிடைத்துவிட்டது. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாவ்-ஆன் என்ற துறவியின் கனவில் நீள்புருவ முதியவர் ஒருவர் தோன்றி, தமக்கு உணவு படைக்கும்படி கேட்டதாகவும், அவர் பிண்டோலர்தான் என்று பின்னர் தெளிந்ததாகவும் சொல்லப்படுகிறது. துறவிகள் உண்ணும் கூடத்தில் அவருக்கு ஓர் ஆசனம் ஒதுக்கும் வழக்கம் பரவியது. சோற்றுக்காகப் பெயர்பெற்றவருக்குச் சோற்றுக்கூடத்திலேயே இடம். ஜப்பானுக்கும் அவர் அந்த வழியாகத்தான் வந்தார்.

உண்ணும் கூடத்திலிருந்து வாசல் தாழ்வாரத்துக்கு அவர் எப்படி நகர்ந்தார்? இரண்டு விடைகள் உண்டு. கண்டிக்கப்பட்டவர் என்பதால் புத்தரோடு கருவறையில் அமரும் தகுதி அவருக்கு இல்லை, ஆகவே வாசலில் இருக்கிறார் என்பது மக்கள் சொல்வது. நடைமுறை சார்ந்த விடை வேறு. கருவறைப் பகுதி துறவிகளின் இடம். வெளிமண்டபமும் தாழ்வாரமும் பொதுமக்களின் இடம். மக்களுக்காக உலகில் தங்கியவர், மக்கள் வந்து நிற்கும் இடத்தில் அல்லவா இருக்க வேண்டும்? எனக்கு இரண்டாவதில் நம்பிக்கை அதிகம். ஆனால் முதல் விடையில்தான் மனிதர்கள் தங்களையே காண்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அவருக்குப் பின்னால் நிற்கும் மண்டபத்தின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 752இல் பெரும் புத்தருக்குக் கண் திறப்பு விழா நடந்தபோது, தூரிகையைப் பிடித்துக் கண் திறந்தவர் 736இல் ஜப்பான் வந்து சேர்ந்த போதிசேனர் என்ற தென்னிந்தியத் துறவி. மண்டபம் 1180இல் போரில் எரிந்தது, எழுப்பப்பட்டது. 1567இல் மறுபடியும் எரிந்தது. தற்காலிகமாகப் போட்ட கூரையும் 1610இல் புயலில் விழுந்தது. பிறகு பல பத்தாண்டுகள் அந்தப் பெரும் புத்தரே வெட்டவெளியில் மழையில் நனைந்தபடி இருந்தார். கோகெய் என்ற துறவி 1684 முதல் ஊர் ஊராகப் பொருள் திரட்டினார். 1692இல் சிலைக்கு மறுபடியும் கண் திறக்கப்பட்டது. இன்றுள்ள மண்டபம் 1709இல் முடிந்தது. அதைப் பார்க்கக் கோகெய் உயிரோடு இல்லை. பொருளும் பெரிய மரங்களும் போதாமல், முன்பு சுமார் 86 மீட்டர் இருந்த அகலம் 57 மீட்டராகச் சுருங்கியது. வெளியே அமர்ந்திருக்கும் பின்ஸுரு சிலை இந்த மறுபிறப்புக்குப் பின் வந்த நூற்றாண்டைச் சேர்ந்தது. திறந்தவெளியில் இருப்பது இந்தக் கோயிலுக்குப் புதிதல்ல.

இனி மரத்துக்கு வருவோம். வெளியே இருக்கும் மரத்துக்கு முதல் எதிரி மழை என்றுதான் நினைப்போம். மேற்பரப்பைப் பொறுத்தவரை வெயில் அதைவிட முந்திக்கொள்கிறது. மரநார்களை ஒட்டி வைத்திருக்கும் பொருள் லிக்னின். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் அதைச் சிதைக்கின்றன. சிதைந்ததை மழைநீர் கழுவிக்கொண்டு போகிறது. வசந்தத்தில் வேகமாக வளர்ந்த மென்மையான பகுதி முதலில் தேய்கிறது. கோடை முடிவில் மெதுவாக வளர்ந்த கெட்டியான பகுதி எஞ்சி நிற்கிறது. பழைய மரச்சிலைகளின் முகத்தில் ரேகைகள் நரம்புபோல மேலெழுந்து நிற்பதன் காரணம் இதுதான். கூரை ஏதுமின்றி முழுவதும் வெளியே நிற்கும் ஊசியிலை மரம் நூறு ஆண்டுகளில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் தேயும் என்பது மர ஆய்வாளர்களின் பொதுவான கணக்கு. ஒரு சிலையின் மூக்குநுனியும் இதழ்க்கோடும் மறைந்துபோக 6 மில்லிமீட்டர் தாராளமாகப் போதும்.

அடுத்தது வெடிப்பு. மரம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வீங்குகிறது, விட்டுச் சுருங்குகிறது. வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் சுருக்கம், மையத்திலிருந்து வெளியே செல்லும் திசையில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்தச் சமமின்மையால்தான் முழுக் கட்டை பிளக்கிறது. ஜப்பானியச் சிற்பிகள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். ஒரே கட்டையில் செதுக்கினாலும் முதுகைத் திறந்து உட்புறத்தைக் குடைந்தெடுத்தார்கள். 11ஆம் நூற்றாண்டில் ஜோச்சோ என்ற சிற்பி, பல துண்டுகளை இணைத்து உள்ளீடற்ற சிலை செய்யும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1053ஆம் ஆண்டின் பியோதோ-இன் கோயில் அமிதா புத்தர் அவர் கைவண்ணம்.

பூச்சு இன்னொரு காவல். உருஷி என்ற மரத்தின் பாலிலிருந்து எடுக்கும் அரக்கு, நீரையும் அமிலத்தையும் தாங்கும். ஈரமான காற்றில்தான் அது இறுகும் என்பது வியப்பானது. ஆனால் அதற்கும் புற ஊதாக் கதிர் ஆகாது. வெயில் பட்ட இடத்தில் மங்கி உதிரத் தொடங்கிவிடும். உதிர்ந்த இடத்தில் ஈரம் புகும். மரத்தின் ஈரம் தொடர்ந்து 20 சதவீதத்துக்குமேல் நின்றால் பூஞ்சைக்கு வழி திறக்கிறது. நாராவில் ஜூன், ஜூலை மாதங்களில் வரும் மழைக்காலம் அதற்கு ஏற்ற பருவம்.

இத்தனைக்கும் நடுவில் பின்ஸுரு எப்படித் தாக்குப்பிடிக்கிறார்? தலைக்குமேல் இருக்கும் ஆழமான இறவாரத்தைப் பாருங்கள். மண்டபம் தெற்கு நோக்கியது. கோடையில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சியில் நிற்பதால் இறவாரத்தின் நிழல் தாழ்வாரத்தை மூடிவிடுகிறது. குளிர்காலத்தில்தான் தாழ்ந்த வெயில் உள்ளே எட்டிப் பார்க்கும். நேர் மழை விழாது, சாரல் அடிக்கும். திறந்தவெளி என்று நாம் சொல்வது உண்மையில் பாதித் திறந்தவெளி. மழையில் நனையும் மரத்துக்கும் மழைக்காற்று படும் மரத்துக்கும் ஆயுளில் பெரிய வேறுபாடு உண்டு.

இதற்குச் சான்று அதே கோயிலின் தெற்குப் பெருவாயிலில் இருக்கிறது. 1199இல் எழுந்த அந்த வாயிலுக்குள் சுமார் 8.4 மீட்டர் உயரமுள்ள இரண்டு காவல் வீரர்கள் நிற்கிறார்கள். 1203இல் உன்கெய், காய்கெய், தான்கெய், ஜோகாகு ஆகியோர் தலைமையில் வெறும் 69 நாட்களில் செய்யப்பட்ட மரச்சிலைகள் அவை. ஒவ்வொன்றிலும் சுமார் 3,000 துண்டுகள். 800 ஆண்டுகளாகக் காற்றோட்டமான வாயிலில் நிற்கின்றன. வழக்கமாக வாயிற்காவலர் வெளியே பார்த்து நிற்பார்கள். இங்கே ஒருவரையொருவர் பார்த்து நிற்பதால் நேர் வெயிலும் நேர் மழையும் முகத்தில் படுவது குறைவு. 1988 முதல் 1993 வரை அவற்றைப் பிரித்துச் செப்பனிட்டபோது, உள்ளே வைக்கப்பட்டிருந்த ஆவணங்கள் வெளிவந்தன. எந்தச் சிலையை யார் செய்தார் என்பதும் தெளிவானது. நல்ல கூரை, காற்று, காலத்தில் செய்யும் செப்பனிடல் மூன்றும் இருந்தால் மரம் வியக்கவைக்கும் அளவுக்கு நீடிக்கிறது.

ஆனால் அந்தக் காவலர்களை யாரும் தொடுவதில்லை. பின்ஸுருவைத் தொடுகிறார்கள். ‘நதேபொதோகே’, அதாவது தடவப்படும் புத்தர் என்பது இவ்வகைச் சிலைகளுக்கு ஜப்பானியர் வைத்த பெயர். முழங்கால் வலித்தால் சிலையின் முழங்காலைத் தடவி, அதே கையால் தன் முழங்காலைத் தடவிக்கொள்ள வேண்டும். சிவப்புத் துணிக்கும் ஒரு பழைய நம்பிக்கை துணைநிற்கிறது. அந்நாளைய ஜப்பானில் சிவப்பு நிறம் பெரியம்மையை விரட்டும் என்று எண்ணினார்கள். 1878இல் டோக்கியோவின் அசகுசா கோயிலுக்கு வந்த பிரிட்டன் பயணி ஒருவர், முகமே தேய்ந்துபோன ஒரு பின்ஸுருவின்முன் கண்ட காட்சியை எழுதி வைத்திருக்கிறார். இமைகள் வீங்கிய ஒரு மூதாட்டியை ஓர் இளம்பெண் கைப்பிடித்து அழைத்து வந்தாள். சிலையின் இமைகளைத் தடவினாள். பிறகு அந்த மூதாட்டியின் மூடிய இமைகளை மெல்ல வருடினாள்.

அந்தக் கைகளால் நோய் பரவாதா என்ற கேள்வி நியாயமானது. கண்நோய் தொற்றக்கூடியது, சிலையைத் தொட்டுக் கண்ணைத் தொடுவது நல்ல வழக்கமல்ல என்பதை எந்த மருத்துவரும் சொல்வார். நோய்க்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும். அதைச் சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன். அந்த இளம்பெண் அன்று அந்த மூதாட்டிக்குச் செய்ததை நான் மூடநம்பிக்கை என்ற ஒரு சொல்லில் அடைக்க மாட்டேன். வலிக்கிற இடத்தைப் பிறர் பார்க்கும்படி வெளியே காட்டி, அதன்மேல் கை வைக்கும் துணிவு பலருக்கு அந்தத் தாழ்வாரத்தில்தான் வருகிறது.

மரத்தின் பக்கம் நின்று பார்த்தால் தொடுகை இருமுனையானது. வியர்வையின் உப்பும் அமிலமும் பூச்சை அரிக்கின்றன. கைகளின் எண்ணெய்ப்பசை, துணி உரசுவதுபோல, மேற்பரப்பை மழமழப்பாக்குகிறது. வெயில் தேய்த்த மரத்தில் ரேகை எழும். கை தேய்த்த மரத்தில் ரேகை அமுங்கும். கைக்கு எளிதில் எட்டும் முழங்காலையும் உயரத்தில் இருக்கும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரே சிலையில் இந்த இரண்டு விதத் தேய்மானத்தையும் படிக்கலாம். காலநிலை எழுதியது ஒரு பக்கம், மனிதர்கள் எழுதியது மறுபக்கம்.

பாதுகாப்பு வல்லுநர்களுக்கு இது உண்மையிலேயே கடினமான கேள்வி. ஈரப்பதத்தை 50 முதல் 60 சதவீதத்துக்குள் நிறுத்தி, வெளிச்சத்தைக் குறைத்து, கண்ணாடிக்குள் வைத்தால் மரம் இன்னும் பல நூற்றாண்டு இருக்கும். அப்போது பாதுகாக்கப்படுவது கட்டை. தடவப்படுவதற்காகச் செய்த சிலையிலிருந்து தடவுதலை எடுத்துவிட்டால் எஞ்சுவது என்ன? வெடிப்புகளை அரக்கும் மரத்தூளும் குழைத்த பசையால் அடைக்கலாம். கறையானும் பூஞ்சையும் வராமல் பார்த்துக்கொள்ளலாம். முப்பரிமாண அளவீட்டில் இன்றைய வடிவத்தைப் பதிவுசெய்து வைக்கலாம். ஒருநாள் தாங்காது என்ற நிலை வந்தால், புதிய சிலையை அதே இடத்தில் அமர்த்தி, பழையவருக்கு உள்ளே ஓய்வு கொடுக்கலாம். அதுவரை அவர் வாசலிலேயே இருக்கட்டும் என்பது என் நிலைப்பாடு.

நாகானோ நகரின் ஸென்கோஜி கோயிலில் இன்னொரு பின்ஸுரு இருக்கிறார். 1713இல் நிறுவப்பட்ட அந்தச் சிலையின் கண், மூக்கு, வாய் எல்லாம் 300 ஆண்டுத் தடவலில் ஏறக்குறைய அழிந்துவிட்டன. முகம் கூழாங்கல்போல வழவழப்பாக இருக்கிறது. 2023 ஏப்ரல் மாதம் ஒரு காலையில் அந்தச் சிலை திருடுபோனது. அன்றே மட்சுமோட்டோ நகரில் அதைப் போலீசார் மீட்டார்கள். பூட்டி வைக்க அதைவிட நல்ல காரணம் ஒரு கோயிலுக்குக் கிடைத்திருக்காது. ஸென்கோஜி அவரைப் பழையபடி மக்கள் கைக்கு எட்டும் இடத்திலேயே கொண்டுவந்து அமர்த்தியது.